மண் இங்கே, லாப் அங்கே

"மிஸ், மைக்ரோபயோலஜி படிச்சா டொக்டராகலாமா?"

திருகோணமலையில் எந்தப் பாடசாலைக்கு வழிகாட்டல் கூட்டம் என்று போனாலும் முதலில் உயரும் கை இதைத்தான் கேட்கும். அடுத்த கேள்வி பின்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவருடையது: "பயோ செஞ்ச பிள்ள. இசட் ஸ்கோர் கொஞ்சத்தில தவறிட்டு. ஆஸ்பத்திரி லாபுக்காவது எடுப்பாங்களா?"

இரண்டுக்கும் பதில் "முடியாது" என்பதுதான். முகத்துக்கு நேரே அதைச் சொல்லத் தயங்கி, "எதையும் ஆகலாம் பிள்ளைகளே" என்று பூசி மெழுகுகிற வழிகாட்டிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு இலங்கையில் பல வாசல்கள் உண்டு. ஆனால் ஒன்றால் உள்ளே போன பிறகு மற்றதற்கு மாறுவது லேசில்லை. இதை உயர்தரத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இரத்த வளர்ப்புப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து, இந்த நோயாளிக்கு இன்ன மருந்து கொடுங்கள் என்று வார்டுக்குச் சொல்பவர் நுண்ணுயிரியல் விசேட வைத்திய நிபுணர். அவர் முதலில் எம்பிபிஎஸ் முடித்த டொக்டர். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்டி செய்து, வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்துத்தான் அந்தக் கதிரைக்கு வருகிறார். தட்டில் கிருமி வளர்ப்பது, சாயமூட்டிப் பார்ப்பது, இயந்திரம் ஓட்டுவது எல்லாம் எம்எல்ரி என்று நாம் சொல்லும் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரின் வேலை. அதற்குத் தனிப் படிப்பு. விஞ்ஞான பீடத்தில் நுண்ணுயிரியல் படித்தவர் இந்த இரண்டு கதிரையிலும் உட்கார முடியாது. அவருக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, உணவும் நீரும் பரிசோதிக்கும் கூடங்கள் இருக்கின்றன, மருந்துக் கம்பனிகள் இருக்கின்றன. நான்காவது வாசல் மிருக வைத்தியம். நாட்டில் அதற்கு ஒரே ஒரு பீடம், பேராதனையில். எலிக்காய்ச்சல், விசர்நாய்க்கடி போல விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்களில் வேலை செய்ய விரும்புகிற பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை. அதை ஏன் நம் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் வந்தது விஞ்ஞான பீட வாசலால். உப்புவெளியில் வீடு, பேராதனையில் படிப்பு. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்தால் விரிவுரையாளர் வேலை ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் வேண்டும், அதில் ஓர் ஆய்வு வேண்டும், முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பது முந்திய வருடங்களின் புள்ளிகளை வைத்து. முதலாம் வருடத்தில் பகிடிவதை, ஊர் நினைவு, ஆங்கில விரிவுரை விளங்காத திண்டாட்டம் எல்லாம் சேர்ந்து புள்ளியைத் தின்றுவிட்டால் பிறகு ஏறுவது கஷ்டம். கிழக்கிலிருந்து போகிற பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் அந்த முதல் வருடத்தில்தான். கெட்டித்தனம் குறைந்தவர்கள் என்பதால் அல்ல. நுண்ணுயிரியலுக்கென்று தனித் துறையே வேண்டும் என்றால் களனிப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இருக்கிறது.

பட்டம் முடிந்ததும் தற்காலிக உதவி விரிவுரையாளர். பெயர் பெரிது. வேலை என்னவென்றால் மாணவர் செய்முறைக்குக் கிருமி வளர்க்கும் ஊடகம் காய்ச்சுவது, ஓட்டோகிளேவில் 121 பாகை வெப்பத்தில் கிருமி நீக்குவது, தட்டு ஊற்றுவது, கொப்பி திருத்துவது. ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்கள், மறுபடி முடியும். நிரந்தர இடம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கதிரையில் காத்திருந்தே முப்பது தாண்டிய கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும். அந்த வேலையை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்பிக்கும் கை அதில்தான் பழகும். ஆனால் அதே காலத்தில் பட்டப்பின் படிப்புக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆராய்ச்சி நிதி கிடைத்த ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் அந்தச் சம்பளத்திலேயே எம்ஃபில் என்கிற முதுதத்துவமாணிப் பட்டத்தைத் தொடங்கிவிடலாம். தேசிய விஞ்ஞான மன்றம் கொடுக்கும் நிதிகளில் மாணவருக்கென்றே ஒரு பங்கு எழுதிக் கேட்க முடியும். பேராசிரியரிடம் போய் "வேலை இருக்கா சேர்" என்று கேட்பதைவிட, "உங்கட புதிய கிராண்டில ஸ்டூடன்ட் பொசிஷன் இருக்கா, அதில எம்ஃபில் பதியலாமா" என்று கேட்பது பலன் தரும்.

எனக்கு அப்படிக் கிடைத்தது மண் வேலை.

மெலியோயிடோசிஸ் என்று ஒரு நோய். பேர்கோல்டேரியா சூடோமல்லேய் என்ற பற்றீரியா வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாக, மூச்சு வழியாக, குடிக்கும் நீர் வழியாக உள்ளே போகும். சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். நிமோனியா போலக் காட்டும், கசம் போலக் காட்டும், ஈரலில் சீழ்க்கட்டியாக இருக்கும், மூட்டில் வரும். உலகில் ஆண்டுக்கு 165,000 பேருக்கு வந்து 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இலங்கையில் முதல் நோயாளி 1927 இலேயே பதிவானார். ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இது எப்போதாவது வருகிற அபூர்வ நோய் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தின் எனோகா கொரேயாவும் அவருடன் வேலை செய்தவர்களும் நாடெங்கும் உள்ள ஆஸ்பத்திரி லாப்களுக்கு இதை எடுத்துச் சொல்லி, சந்தேகமான கிருமிகளை அனுப்பச் சொன்ன பிறகுதான் அது வடக்கு, கிழக்கு, மேற்கு என்று எங்கும் இருப்பது தெரிய வந்தது. நோய் புதிதாக வரவில்லை. தேடாதபடியால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தேடாமல் போனதற்குக் காரணமும் உண்டு. சாதாரணத் தட்டில் இந்தக் கிருமி முதல் இரண்டு நாள் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. வேலை நெருக்கடியில் "ஏதோ சூடோமோனாஸ்" என்றோ "வெளியிலிருந்து கலந்தது" என்றோ எழுதித் தட்டைக் குப்பைக்கு அனுப்பிவிடலாம். ஒரு சின்னத் துப்பு இருக்கிறது. கிராம் சாயச் சோதனையில் எதிர், ஒக்சிடேஸ் சோதனையில் நேர், ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற அன்ரிபயோட்டிக்குகளுக்கு அசையவில்லை, ஆனால் கோ-அமொக்சிக்ளாவ் வேலை செய்கிறது என்றால் கையை நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். நோயாளிக்கு இது உயிர் விஷயம். செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, பிறகு மாதக்கணக்கில் கோ-டிரைமொக்சசோல் குளிசை என்பது இதன் வைத்தியம். வேறு நோய் என்று நினைத்துச் செய்யும் வைத்தியத்தில் ஆள் போய்விடும்.

ஆக, தம்பலகாமத்து வயல். பெரும்போக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வயலில் கட்டம் கட்டமாகக் கயிறு பிடித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துளையிட்டு 30 சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணை எடுக்க வேண்டும். மேல் மண் வெயிலில் காயும், கிருமி அதற்குக் கீழே ஈரத்தில் இருக்கும் என்பது கணக்கு. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையில் துளைகருவியைக் கழுவி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துளையின் கிருமி வயல் முழுக்க இருப்பதாகக் கணக்கு வரும். சேற்றில் கம்பூட்ஸ் புதைந்து, காலை இழுத்தால் கால் மட்டும் வரும், பூட்ஸ் வராது. வரம்பில் நின்ற வயல்காரர் வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன பிள்ள, பசளை கணக்குப் பார்க்கவா?"

"இல்ல ஐயா. மண்ணில ஒரு கிருமி இருக்கா எண்டு பார்க்கிறம். காலில புண் இருந்தா உள்ள போகும். சீனி வருத்தம் இருக்கிறவங்களுக்குக் கூட."

"எனக்கும் சீனி இருக்கு. அப்ப சப்பாத்துப் போட்டோ வயலுக்க இறங்கச் சொல்றீங்க?"

அவர் என் காலைப் பார்த்தார். ஒரு காலில் பூட்ஸ், மற்றதில் சேறு. எந்த வழிகாட்டலில் என்ன எழுதியிருந்தாலும் அந்த இடத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் மூடிக் கட்டுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், நாள்பட்ட காய்ச்சல் வந்தால் வயல் வேலை செய்கிறேன், சீனி இருக்கிறது என்று இரண்டையும் டொக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். தேத்தண்ணி தந்தார்.

மண்ணை ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, பேராதனைக்குக் கண்டி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். திருகோணமலை பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டியோடு ஏறினால் என்ன நடக்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. "மீனா? பின்னுக்கு வைங்க, தண்ணி ஒழுகும்" என்றார் கொண்டக்டர். மீன் இல்லை மண் என்றேன். பக்கத்து சீட் அம்மா உடனே, "கோணேசர் கோயில் மண்ணோ?" என்று திருநீறு வாங்குகிற மாதிரிக் கை நீட்டினார். பெட்டிக்குள் ஐஸ் இல்லை என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம், லாபில் இருந்தவர்களுக்கும்கூட. மாதிரி என்றாலே ஐஸ் என்று பழகிவிட்டோம். ஆனால் இந்தக் கிருமி குளிரை விரும்பாது. 2013 இல் வெளிவந்த சர்வதேச மண் மாதிரி வழிகாட்டல், வெயில் படாமல் அறை வெப்பநிலையில் கொண்டுவரச் சொல்கிறது. வளர்ந்த கிருமியை இப்படிப் பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண் வேறு, வளர்ப்பு வேறு. வளர்ப்புக்கு மூன்றடுக்குப் பொதியும் உரிய அனுமதியும் இல்லாமல் ஓர் அடி நகர்த்தக் கூடாது.

லாபில் அந்த மண்ணைத் திரியோனின் என்ற அமினோ அமிலமும் கொலிஸ்டினும் கலந்த திரவத்தில் 40 பாகையில் 48 மணித்தியாலம் வைத்து, பிறகு இந்தக் கிருமியைத் தேடுவதற்கென்றே உள்ள ஆஷ்டவுன் ஏகார் தட்டில் இழுக்க வேண்டும். மற்றக் கிருமிகளைக் கொலிஸ்டின் அடக்கும், இது மட்டும் மெல்ல மெல்ல வளரும். இரண்டாம் நாள் வழவழப்பாக இருப்பது நாள் போகப் போக ஊதா நிறமாகி, அப்பளத்தைப் போல உலர்ந்து சுருங்கும். ஏழு நாள் வரை பார்க்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்தத் துறை சரிவராது. தட்டைத் திறந்து மணந்து பார்க்கும் பழைய பழக்கம் சில மூத்தவர்களிடம் இருந்தது. மண் வாசனை வரும் என்பார்கள். செய்யவே கூடாது. மூச்சோடு போகிற கிருமி இது. சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து தட்டைத் திறப்பது காற்றை வடிகட்டும் பாதுகாப்பு அலமாரிக்குள் மட்டும்தான். யாருக்காவது பட்டுவிட்டால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும், தடுப்பு மருந்து இருக்கிறது. "ஒண்டும் ஆகாது" என்று சொல்லும் மூத்தவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும், இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது இந்தத் தலைப்பை ஏன் வைத்தேன் என்ற கதைக்கு வருகிறேன். அந்தத் திட்டம் முடிந்து சில காலத்தில் வேறொரு குழு இதே மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிட்டது. இடம் நமது மாவட்டம், பாஷை நமது பாஷை, வயல்காரரிடம் பேசி அனுமதி வாங்கியது நான், கட்டம் போட்டது நான், மாதிரி எண்களைப் பதிந்த கொப்பி என் கையெழுத்து. கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் எழுதியவர்கள் பட்டியலில் இல்லை. கடைசிப் பக்கத்தில், கள உதவிக்கு நன்றி என்ற வரியில், சாரதியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. சாரதி நல்ல மனிதர். அவரோடு சேர்ந்து நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு.

கிழக்கில் இருந்து இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் சந்திக்கப் போகும் நிலை இதுதான். நோய் நம் பக்கம் இருக்கிறது. கருவியும் பணமும் கொழும்பு, கண்டி, வெளிநாடு என்று வேறு எங்கோ இருக்கின்றன. நடுவில் பெட்டி தூக்குகிறவராக நம்மை வைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி. 1912 இல் ரங்கூனில் இந்த நோயை முதன்முதலில் விவரித்த கட்டுரையில் இரண்டு பெயர் உண்டு: விட்மோர், கிருஷ்ணசுவாமி. நோய்க்குப் பிறகு வந்த பெயரோ விட்மோர் நோய். கட்டுரையில் பெயர் இருந்த கிருஷ்ணசுவாமிக்கே அந்தக் கதி என்றால் பெயரே இல்லாதவர்களின் கதி என்ன?

புலம்பி ஒன்றும் ஆகாது, செய்யக் கூடியதைச் சொல்கிறேன். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, கட்டுரையில் யார் பெயர் வர வேண்டும் என்பதற்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. திட்டமிடுவதிலோ தரவு சேர்ப்பதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் வேண்டும். தந்திரம் இரண்டாவதில் இருக்கிறது. மண்ணைச் சேர்த்துக் கொடுத்தவருக்கு வரைவை அனுப்பாமல் விட்டால் அவர் இரண்டாவது நிபந்தனையில் விழுந்துவிடுவார், பிறகு "நீங்கள் எழுதவில்லையே" என்று சொல்லலாம். ஆனால் அதே குழு, முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்த எல்லோருக்கும் வரைவில் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே, பணிவாக, தெளிவாகக் கேளுங்கள்: "சேர், இந்த டேட்டாவில பேப்பர் வந்தா ட்ராஃப்ட் எனக்கும் வருமா? கள முறை பற்றிய பகுதியை நான் எழுதித் தரட்டா?" வாயால் ஆம் என்றால் அன்றிரவே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பேசியதை அதில் எழுதி வையுங்கள். கள முறைப் பகுதியை யாரும் கேட்காமலே எழுதி அனுப்பிவிடுங்கள். களத்துக்கு வராதவர்களுக்கு அதை எழுதுவது கடினம், சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். மாதிரி எண் கொப்பியின் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். கிருமிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: ஒரு பிரதி நாட்டில் இருக்குமா, பிற்காலத்தில் யார் அதில் வேலை செய்யலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கையொப்பம் உங்களுடையது இல்லாவிட்டாலும் கேட்கலாம், ஒருவரும் அடிக்க மாட்டார்கள். "இவ பொல்லாதவ" என்று பெயர் வரும். வரட்டும்.

ஆய்வுத் தலைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கன்னியா வெந்நீர் ஊற்றில் வெப்பம் தாங்கும் பற்றீரியாவைத் தேடப் போகிறேன் என்று வருவார். பீசிஆர் இயந்திரத்துக்கு உயிர் கொடுத்த நொதியம் அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுக் கிருமியிலிருந்து வந்த கதையைப் படித்த உற்சாகம். அந்தக் கிருமி விரும்பி வளர்வது 70 பாகையளவில். கன்னியாவில் நாம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிறோம். ஊரில் உள்ளதை ஆராய்வது நல்லதுதான், ஆனால் ஊரில் உண்மையில் என்ன பிரச்சினை இருக்கிறது என்று பார்த்து ஆராய்வது அதைவிட நல்லது. 2017 இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளிகள் பதிவான வருடத்தில் முதலில் அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. எலிக்காய்ச்சல் ஒவ்வொரு போகத்திலும் வருகிறது. அன்ரிபயோட்டிக்குக்கு அசையாத சிறுநீர்த் தொற்றுக் கிருமிகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கின்றன.

ஒரே நோயைக் கட்டிப்பிடித்திருக்கவும் வேண்டாம். நம் தாத்தா காலத்தில் கிழக்கில் மலேரியா இல்லாத வீடில்லை. கடைசி உள்ளூர் மலேரியா நோயாளி 2012 இல், உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016 இல். நோய் போனால் நிதியும் மெல்லப் போகும், நல்ல காரியம்தான். நுளம்பைப் பிரித்தறியத் தெரிந்தவர் டெங்குவுக்கு வரலாம், மரபணு படிக்கத் தெரிந்தவர் எதற்கும் வரலாம். முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், கிருமி மாறும்.

வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்பைப் பற்றி எல்லா இடமும் எழுதிக் கிடக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். கொமன்வெல்த், ஜேர்மனியின் டாட், ஜப்பானின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில்கள் மூன்றும் நம்மவர் அதிகம் போகும் வழிகள். மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "மதிப்புக்குரிய பேராசிரியரே, சிறு வயதிலிருந்தே எனக்கு விஞ்ஞானத்தில்" என்று தொடங்கினால் இரண்டாவது வரியை வாசிக்க மாட்டார்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும், உங்கள் கையில் இருக்கும் ஒரு விஷயத்தையும் எழுதுங்கள். என் மின்னஞ்சலுக்குப் பதில் வரவைத்தது தம்பலகாமத்து மண் என்றே நினைக்கிறேன். நெற்காணி மண்ணோடு வேலை செய்தவள், விவசாயிகளிடம் நேரே பேசத் தெரிந்தவள் என்பது அவர்களிடம் இல்லாத சரக்கு.

நிரந்தர விரிவுரையாளரான பிறகு படிப்பு விடுமுறையில் போனால் பிணை கையெழுத்திட வேண்டும். திரும்பி வந்து குறித்த காலம் வேலை செய்யாவிட்டால் பெரிய தொகை கட்ட வேண்டும், அதற்குப் பிணையாளர்களும் வேண்டும். அந்த நேரத்தில்தான் சொந்தபந்தம் யாரென்று தெரியும். மாமாமார் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். கடைசியில் சின்னம்மா கையெழுத்திட்டார், "நீ வராட்டி என்ர பென்ஷன் போகும், ஞாபகம் வச்சுக்கொள்" என்ற எச்சரிக்கையோடு. கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களில் ஒருவரும் பிணைக்கு வரவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

திரும்பி வந்த பிறகு வேறு விதமான வேலை. அங்கே ஓடர் போட்டால் இரண்டு நாளில் வரும் நொதியம் இங்கே சுங்கத்தில் கிடந்து, ஐஸ் உருகிய பிறகு கைக்கு வரும். ஆண்டுத் தொடக்கத்திலேயே தேவையைக் கணக்கிட்டுப் பக்கத்துத் துறைகளோடு சேர்ந்து ஓடர் போட்டால் கொஞ்சம் தப்பலாம். 2022 இல் நாள் ஒன்றுக்குப் பத்து மணித்தியாலத்தையும் தாண்டி மின் வெட்டியபோது, மறை 80 பாகைக் குளிர்பெட்டியில் பல வருடக் கிருமிச் சேமிப்பு வைத்திருந்தவர்களின் நித்திரை போனது. கிளிசரோலில் வைத்த கிருமியின் ஒரு பிரதி இன்னொரு கட்டடத்தில், முடிந்தால் இன்னொரு நகரத்தில் இருக்க வேண்டும். உறைந்த நிலையில் உலர்த்தி வைக்கக்கூடிய வசதி யாரிடமாவது இருந்தால் அவரோடு நட்பாக இருங்கள், அந்தக் குழாய்களுக்கு மின்சாரம் பெரிதாக வேண்டாம்.

நோயாளியின் இரத்தமோ தகவலோ தொடுகிற எந்த ஆய்வுக்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில். மாதிரியை எடுத்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்க முடியாது. எந்த நல்ல இதழும் அதை ஏற்காது. குழு கூடுவது மாதத்துக்கு ஒரு தடவை என்றால், திருத்தத்துக்கு ஒரு முறை திருப்பி அனுப்பினாலே இரண்டு மூன்று மாதம் போய்விடும். ஆய்வு உதவியாளரின் ஒப்பந்தக் காலம் அந்த மாதங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நிதி எழுதும்போதே கணக்கில் எடுங்கள். சம்மதப் படிவம் மூன்று மொழியிலும் வேண்டும். தமிழ்ப் படிவத்தைக் கந்தளாயிலோ மூதூரிலோ ஒரு நோயாளியிடம் வாசித்துப் பார்த்து, அவர் திருப்பிச் சொல்வது சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு குழுவுக்கு அனுப்புங்கள்.

லாப் வசதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உலகெங்கும் பிரித்தெடுத்த பேர்கோல்டேரியாக்களின் மரபணுத் தொகுதிகள் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. என்னிடம் ஆய்வு செய்யும் நிலாவெளி மாணவி ஒருத்தி இப்போது அவற்றைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்; அதற்குத் தட்டும் வேண்டாம், பாதுகாப்பு அலமாரியும் வேண்டாம். லினக்ஸும் பைதனும் இரண்டாம் வருடத்திலேயே தொடங்கினால் போதும். இதற்கென்று லப்டொப் வாங்குவதானால் ராம் 16 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள், கூடவே ஒரு யூபிஎஸ். பகலில் டேட்டா பக்கேஜ் கட்டுப்படியாகாது, பெரிய கோப்புகளை நடுநிசிக்குப் பிறகு இறக்குங்கள்.